மூன்று தசம இடங்கள்

பகலில் நான் அலுமினிய ஜன்னல்களுக்கு விலை போடுகிறவன்.
ரூவியில், ஒரு மூன்றாம் மாடியில்,
சதுர மீட்டருக்கு இத்தனை ரியால், இத்தனை பைசா என்று
மூன்று தசம இடம் வரை.
கண்ணாடி உடையும் என்று ஐந்து சதவீதம்,
லாரி மலையேற வேண்டும் என்று ஒன்றரை,
ஒப்பந்தக்காரர் எப்படியும் குறைப்பார் என்று
அவர் குறைக்கப்போவதையும் முன்கூட்டியே ஏற்றி.
எட்டு வருடமாகக் கை தயங்கியதில்லை.

இரவு பதினொன்றேகாலுக்கு
வாதி கபீரிலிருந்து ஜெனிபா அக்கா:
'பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள் தம்பி,
நீங்க எடுத்த படமெல்லாம் பார்த்தோம்.
எவ்வளவு ஆகும்?'

எவ்வளவு ஆகும்.

இருபது என்று எழுதினேன். அழித்தேன்.
பதினைந்து. அழித்தேன்.
'உங்கள் விருப்பம்' என்று எழுதி
அதைத்தான் எல்லாவற்றையும்விட வேகமாக அழித்தேன்.

எழுந்து கால்குலேட்டரை எடுத்தேன்.
ஊருக்குத் திரும்பிப் போன மலையாளியிடம்
இரண்டு தவணையில் வாங்கிய கேமரா, நூற்று எண்பது.
ஷட்டரின் ஆயுசு ஒரு லட்சம் என்கிறார்கள்,
அவர் நாற்பத்திரண்டாயிரத்தைத் தின்றுவிட்டார்.
மீதியை வகுத்தால்
ஒரு கிளிக்குக்கு மூன்று பைசா.
ஐந்து பைசா மிச்சத்துக்கே
பக்காலாவில் சூயிங்கம்தான் தருகிறார்கள்.

ஏசி அறையிலிருந்து ஜூன் மாதத்துக்குள் எடுத்து வந்தால்
லென்ஸ் வேர்த்துப் பத்து நிமிடம் குருடாகும்.
அந்தப் பத்து நிமிடத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
முத்ராவில் வெள்ளிக்கிழமைதோறும்
கடற்புறாக்களைத் துரத்திய ஏழு மாதத்தை?
சேதாரம் என்று போடலாம்தான்.
என் சேதாரம் தொண்ணூறு சதவீதம்.

மேல் கட்டிலில் இருந்து தேவசகாயம்:
'இலவசமா எடுத்துக் குடு, நாலு பேரு கூப்பிடுவாங்க.'
கீழ் கட்டிலில் இருந்து பரக்கத்:
'நூறு சொல்லு. போனா போகட்டும்.'
இருவரும் தூங்கிவிட்டார்கள்.
ஆலோசனைக்கு அவர்கள் விலை வைக்கவில்லை.

விலை சொல்லாதவரை ஆசைக்காரன்.
சொன்ன நிமிடத்திலிருந்து கடைக்காரன்.
வீசாவில் இரண்டுமே இல்லை.

போன மாதம் சைட்டில்
சாரம் கட்டுகிற சுயம்பு கேட்டான்,
பெண் வீட்டுக்கு அனுப்ப ஒரு படம்.
இரவல் சட்டை, காலரில் மடிப்பு கலையாத அட்டை வாசனை.
நான் விலை போட்ட கண்ணாடிச் சுவருக்கு முன்னால்தான்
நிற்க வைத்தேன்.
எடுத்ததும் நான்காக மடித்த ஒரு ரியாலை நீட்டினான்.
வேண்டாம் என்றேன், பெருந்தன்மையாக.
அவன் கை இறங்கவில்லை.
'வாங்கிக்கங்க சார்.
ஓசின்னா, கண்ணு மூடியிருக்கு,
இன்னொண்ணு எடுங்கன்னு
எப்படிக் கேப்பேன்?'

திரையைப் பார்த்தேன்.
மூடித்தான் இருந்தது.
நான் கண்ணாடியில் விழுந்த மேகத்தைப் பார்த்திருக்கிறேன்.

மறுபடி எடுத்தேன். மறுபடியும்.
பதினோராவதில் அவன் தலையாட்டினான்.
அந்த ரியால் இன்னும் பையின் பக்கவாட்டு அறையில்
லென்ஸ் துடைக்கும் துணியோடு கிடக்கிறது,
செலவழிக்க மனசில்லாமல் அல்ல,
ஒரு ரியாலுக்கு அதற்கப்புறம் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.
பொய். மனசில்லை.

பன்னிரண்டு அடிக்க நான்கு நிமிடம்.
எழுதினேன்: இருபத்தைந்து ரியால்.
கீழே:
'பாப்பா அழுதால் காத்திருப்பேன்.
கண் மூடியிருந்தால் மறுபடி எடுத்துத் தருவேன்.'
குறைப்பார் என்று எதையும் ஏற்றவில்லை.
அனுப்பினேன்.

இரண்டு கோடுகள் நீலமாயின.
அக்கா எழுதத் தொடங்கினார்.
நின்றது.
தொடங்கினார்.
நின்றது.

வாதி கபீரில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில்,
இன்னொருவரும்
எண்களை எழுதி அழித்துக்கொண்டிருக்கிறார்.